அயிங்கேவின் வெள்ளை ஓரி

ஓயோ ஊரில் அக்கேசான் சந்தைக்குப் பின்பக்கம் முடி கட்டும் கடை வைத்திருந்த அயிங்கே, வருகிறவளின் தலையைப் பார்ப்பதற்கு முன் அவள் பையைத்தான் பார்ப்பாள். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்வாள். எல்லைச் சாவடியில்கூட அப்படிச் சோதிக்கமாட்டார்கள்.

"இது என்ன?"

"வெங்காயச் சாறுக்கா. முடி வளருமாம்."

"தக்காளியும் மிளகாயும் சேர்த்துக் கொண்டாந்திருந்தா இங்கயே குழம்பு வெச்சிருக்கலாமே. இது?"

"மயோனைஸ்."

"ரொட்டி எங்க?"

"இது அரிசி கழுவின தண்ணி. மூணு நாள் புளிக்க வெச்சது."

"அதான், நீ தெருமுனை திரும்பும்போதே தெரிஞ்சுது. மூடி, மூடி. கோழியெல்லாம் இங்க வந்துடும்."

மேசை காலியானபிறகுதான் நாற்காலி கிடைக்கும். அதற்குள் வந்தவள் பாதி அழுதிருப்பாள், மீதி சிரித்திருப்பாள்.

அயிங்கேவின் இளக்காரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இருபது வருஷமாக இதே பெண்கள்தான் முடியை நேராக்குகிறேன் என்று காரக் களிம்பைத் தலையில் அப்பிக்கொண்டு, மண்டை பொசுங்கி, பொருக்குத் தட்டி, முன்நெற்றி மயிர் உதிர்ந்து, அதைச் சவுரியால் மூடிக்கொண்டு திருமண வீடுகளில் தலை நிமிர்ந்து நடந்தார்கள். அந்தக் களிம்பைத் தொடமாட்டேன் என்று சொன்ன ஒரே கடைக்காரி அயிங்கே. அதனால் அவள் கடைக்கு யார் வந்தார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகளும், தலை வலிக்கிறது என்று இரண்டே கொத்தாகக் கட்டிக்கொண்டு போகும் கிழவிகளும். புருஷன் லசிசி லாரி ஓட்டிக் கொண்டுவந்ததில்தான் அடுப்பு எரிந்தது. பிறகு ஒருநாள் திடீரென்று எல்லாருடைய கைபேசியிலும் யாரோ ஒருத்தி வந்து, நம் முடி நம் அழகு என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இருபது வருஷம் அயிங்கே சொன்னது ஏறாத தலைகளில் இரண்டு நிமிஷப் படம் ஏறிவிட்டது. பெரிய நகரமான இபாதானிலிருந்துகூடக் காரில் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்களுக்கு அவள் செய்தது ஒன்றும் மந்திரமில்லை. கறுப்புச் சோப்பில் அலசுவாள். ஈரத்தோடு விரலால் சிக்கெடுப்பாள். காய்ந்த முடியில் சீப்பு வைத்தால் கையிலேயே ஒரு தட்டுத் தட்டுவாள். கொத்துக் கொத்தாகப் பிரித்து, தண்ணீர் தெளித்து, அது ஆவியாகிவிடாதபடி ஓரி தடவி, கறுப்பு நூலை அடியிலிருந்து நுனிவரை இறுக்காமல் சுற்றிக் கட்டுவாள். நூலை இரண்டு வாரம் அவிழ்க்கக் கூடாது, துணி சுற்றாமல் படுக்கக் கூடாது. அந்தத் துணியை அவளே தருவாள்.

ஓரி என்பது ஷியா கொட்டையை வறுத்து, அரைத்து, கையால் கடைந்து எடுக்கிற நெய். ஓயோவில் அது இல்லாத வீடு கிடையாது. ஆனால் அயிங்கேவின் ஓரி வேறு. பால் வெள்ளை. மணமே கிடையாது. மார்ச் மாத வெயிலில் ஊரிலுள்ள ஓரியெல்லாம் எண்ணெயாய் ஓடும்போது அவளுடையது மட்டும் அள்ளினால் அள்ளிய இடத்தில் நிற்கும். எதிர்க் கடை சிஃபாவு வைத்திருந்தது பழுப்பு நிறம். புகை நாற்றம் வேறு. "அவ கடைக்குப் போறவளுக்கு முடியக் கட்டுறதுக்கு முன்னாடி மூக்கக் கட்டணும்" என்று அயிங்கே தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். சிஃபாவு சண்டைக்கு வரமாட்டாள். அதுவே அயிங்கேவுக்கு இன்னும் எரிச்சல்.

புதிதாக வருகிறவளிடம் அவள் ஒரு காரியம் செய்வாள். கத்தரிக்கோலை எடுத்து, அலகை நுனி நாக்கில் வைத்து, "என் ஓரியில கலப்பு இருந்தா இந்த இரும்பு என்னைக் கேக்கட்டும்" என்பாள். இரும்பின்மேல் செய்த சத்தியம் ஓயோவில் விளையாட்டில்லை. தேவாலயத்துக்குப் போகிறவன் பைபிளின் மேல் பொய் சொல்வான், மசூதிக்குப் போகிறவன் குர்ஆன் மேல் பொய் சொல்வான், இரண்டு பேரும் இரும்பைக் கண்டால் உண்மையைக் கக்கிவிடுவார்கள். இரும்பு பொறுமையாகக் காத்திருந்து சாலையில் விபத்தாய் வந்து கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அயிங்கே பதினோரு வருஷமாக, சாலையில் பிழைக்கிற லாரிக்காரன் பெண்டாட்டியாக இருந்துகொண்டு, அந்தச் சத்தியத்தைச் செய்துவந்தாள். அவ்வளவு நிச்சயம் அவளுக்கு.

அந்த வருஷம் மழைக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை, முடி கட்டுவோர் சங்கக் கூட்டத்துக்கு லாகோஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தான். பெயர் கோலாடே. சட்டையில் மடிப்புக் கலையவில்லை, பேச்சில் மூச்சு வாங்கவில்லை. கையில் பச்சை டப்பா. அதன்மேல் ஒரு கிரீடமும் இரண்டு ஷியா கொட்டையும்.

"அம்மாமாரே, அக்காமாரே, இயற்கையோட இதயத்துல இருந்து நேரா உங்க கைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"இயற்கைக்கு இதயம் எங்க இருக்கு தம்பி? லாகோஸ்லயா?" என்றாள் அயிங்கே பின்வரிசையிலிருந்து.

கூட்டம் சிரித்தது. தலைவி அல்ஹாஜா ரிஸ்காத் கைமணியை ஆட்டினாள். விஷயம் இதுதான்: சங்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் இனி அந்தப் பச்சை டப்பா ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்ட கடைக்கு நிற்கிற தலை உலர்த்தி இலவசம், பெயர்ப் பலகை இலவசம். வேறு எதையாவது தடவுகிறவள் சங்கத்தில் இருக்க முடியாது. சங்கத்தில் இல்லாதவள் ஓயோவில் கடை திறக்க முடியாது. அல்ஹாஜாவின் வீட்டுக்கு அதற்கு முந்திய வாரமே ஆளுயர ஃப்ரீஸர் ஒன்று வந்து இறங்கியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கிற வாய் எதுவும் சங்கத்தில் இல்லை. கேட்டிருக்கக்கூடிய வாய்களெல்லாம் இலவச உலர்த்தியைப் பார்த்துத் திறந்தபடி இருந்தன.

அயிங்கே எழுந்தாள். "என் கடையில நான் சத்தியம் பண்ணித் தடவுற ஓரிதான் இருக்கும். இந்தத் தம்பி கொண்டாந்தது கொட்டை நெய்யே இல்ல. பெட்ரோல் பங்குல மிச்சமானது."

"ஆராய்ச்சிக்கூடத்துல சோதிச்சதும்மா" என்றான் கோலாடே, சிரிப்பு மாறாமல்.

"என் மாமியார் வீட்டுல பத்து வருஷம் கறுப்புச் சோப்பு கிண்டினவ நான். எங்க ஆராய்ச்சிக்கூடம் அடுப்புதான். கொக்கோ ஓட்டுச் சாம்பல்ல வடிச்ச காரத்துல எந்தக் கொட்டை நெய்யைப் போட்டாலும் சோப்பாகும். மண்ணெண்ணெயோட தங்கச்சி எதுவும் ஆகாது. பொழுதுக்கும் கிண்டு, மேல மிதக்கும். அடுத்த திங்கள் அடுப்பு கொண்டாறேன். பாத்துட்டு ஓட்டுப் போடுங்க."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் அவள் அயிங்கே இல்லை.

"மூணு சட்டி வைக்கிறேன். ஒண்ணுல இவன் களிம்பு. ஒண்ணுல என் ஓரி. சிஃபாவு, நீயும் உன் நாத்தத்துல ஒரு பிடி கொண்டா. கலப்படம்னா என்னன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

சிஃபாவு தலையாட்டினாள். "எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சங்கத்துப் பச்சைச் சீருடைத் துணியில் அறுபது பெண்கள். முற்றத்தில் மூன்று கரி அடுப்பு, மூன்று அலுமினியச் சட்டி. யார் பக்கமும் சாயாத கை வேண்டும் என்று சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களிடம் துடுப்பைக் கொடுத்தார்கள். அயிங்கேவே காரத்தை அளந்து ஊற்றினாள். முஸ்லிம் ஜெபம், கிறிஸ்தவ ஜெபம், போன கூட்டத்தின் குறிப்பு, தாமதமாக வந்தவர்களுக்கு அபராதம், செத்துப்போன ஓர் உறுப்பினருக்கு மௌனம், மௌனத்தில் பேசியவளுக்கு மறுபடி அபராதம். இந்தக் கச்சேரியெல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. சோப்புக்கு அது போதும்.

"எழுந்து வாங்க" என்றாள் அயிங்கே. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது அவள் குரல்.

முதல் சட்டியில் கம்பெனிக் களிம்பு. கீழே கறுப்புக் காரம், மேலே கண்ணாடி போலத் தெளிந்த எண்ணெய். துடுப்பை எடுத்ததும் இரண்டும் விவாகரத்து வாங்கியவர்கள்போலப் பிரிந்து நின்றன. அயிங்கே ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் தேய்த்துக் காட்டினாள். நுரையில்லை.

"இயற்கையோட இதயம் நின்னுபோச்சு தம்பி" என்றாள். முற்றமே குலுங்கியது.

இரண்டாவது சட்டி சிஃபாவுடையது. பழுப்புக் கூழாய் இறுகி, துடுப்போடு சேர்ந்து சுற்றியது. கிண்டிய பெண் கையைத் தண்ணீரில் விட்டாள். நுரை முழங்கைவரை வந்தது. யாரோ கை தட்டினார்கள். "பரவாயில்லையே" என்றாள் அயிங்கே. அது தாராளம். அவளால் அப்போது தாராளமாக இருக்க முடிந்தது.

மூன்றாவது சட்டிக்கு முன்னால் நின்ற பெண் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி? கிண்டலையா நீ?"

"நிறுத்தவே இல்லைக்கா."

மேலே தெளிந்த எண்ணெய். கீழே கறுப்புக் காரம். நடுவில் கொஞ்சமே கொஞ்சம் கூழ், கிழிந்த துணிபோல. அயிங்கே துடுப்பை வாங்கிக் கிண்டினாள். காரம் இன்னும் ஒரு குவளை ஊற்றினாள். அடுப்பை விசிறினாள். அறுபது பேரும் வேடிக்கை பார்க்க அரைமணி நேரம் கிண்டினாள். எண்ணெய் அவள் முகத்தைக் காட்டியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

கோலாடே தொண்டையைச் செருமினான். டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்து எறும்பெழுத்தை விரலால் காட்டினான். "பாரஃபின்னு நாங்க எழுதியே இருக்கோம்மா. யாரும் படிக்கிறதில்ல. நீங்க எங்க எழுதியிருக்கீங்க?"

"அப்ப முன்னாடி எதுக்குய்யா கொட்டைப் படம்?" என்று ஒருத்தி கத்தினாள்.

"படம் இயற்கைதாம்மா. மரத்துக்கு நேராப் போய் எடுத்தது."

அதன்பிறகு முற்றத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. அல்ஹாஜா மணியை ஆட்டு ஆட்டென்று ஆட்டி, ஓட்டெடுப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தாள். ஃப்ரீஸரைத் தள்ளிவைப்பதைப் பற்றிப் பேச்சில்லை.

அயிங்கே சட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். வந்ததும் சாகி ஊர் வியாபாரி ராஃபியுவைக் கைபேசியில் பிடித்தாள். பதினோரு வருஷமாக அவனிடம்தான் ஓரி வாங்குகிறாள். ஓயோவில் உள்ள வசவு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"முடிஞ்சுதாக்கா? இப்ப நான் சொல்றேன். முதல்ல உங்களுக்கு நல்ல ஓரிதான் கொண்டாந்தேன். மஞ்சளா இருக்குன்னீங்க. அடுத்த தடவை புகை வாசம்னீங்க. அப்புறம் வெயில்ல உருகுதுன்னு திருப்பி அனுப்பினீங்க. வெள்ளையா, வாசமில்லாம, உருகாம வேணும்னு கேட்டது யாரு? அப்படி ஒரு ஓரி எந்த மரத்துலயும் காய்க்காது. கேட்டதைச் செஞ்சு குடுத்தேன். நீங்களும் சந்தோஷமாத்தானே வாங்கினீங்க?"

அயிங்கே கைபேசியை மேசைமேல் வைத்தாள். சோப்புச் சட்டியோடு பத்து வருஷம் இருந்தவளுக்கு, எந்த நெய் எந்தச் சூட்டில் இளகும் என்று தெரியாதா? தெரியும். வெயிலில் நிற்கிற நெய்யைப் பார்த்துச் சந்தேகப்படாமல் பெருமைப்பட்டாள். பெருமை கண்ணை மறைக்கும்போது காரமும் சாம்பலும் என்ன செய்யும்.

சாயங்காலம் லசிசி வந்தான். சந்தைக்குள் நுழையும்போதே அவனுக்குச் செய்தி கிடைத்திருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை.

"எத்தனை பேருகிட்ட இரும்பு வெச்சுச் சொன்ன?"

"எண்ணலை."

"நான் தினம் இபாதான் ரோட்டுல போறேன் அயிங்கே. பதினோரு வருஷமா நீ என் பிரேக்கு மேல நாக்கை வெச்சிருக்க."

"எனக்குத் தெரியாமத்தானே..."

"இரும்புக்கு அது தெரியுமா?" லாரிச் சாவியை மேசைமேல் வைத்தான். "யாருகிட்டச் சொன்னியோ அவங்க மூஞ்சியப் பாத்துத் திருப்பிச் சொல்லு. பொய் சொன்னேன்னு சொல்லு. ஒவ்வொருத்திகிட்டயும். அது வரைக்கும் நான் ஸ்டியரிங் தொடமாட்டேன். பசிச்சா உன் வெள்ளையத் தின்போம்."

மறுநாள் காலையில் அவள் தெருவைத் தாண்டிச் சிஃபாவு கடைக்குப் போனாள். ஒரு டின் ஓரி வேண்டும் என்றாள். பதினோரு வருஷத்தில் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. சிஃபாவு டின்னை எடுத்து, மேலே ஒரு துணியையும் வைத்துக் கொடுத்தாள்.

"துணி எதுக்கு?"

"மூக்குக்கு" என்றாள் சிஃபாவு. சண்டைக்கு வராதவள் வாங்கிய வட்டி அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு ஃபுன்மிலாயோ வந்துவிட்டாள். இபாதானில் வங்கி அதிகாரி, ஏழு வருஷத்து வாடிக்கை. முன்பு அவள் தலையில் முன்நெற்றியே இருக்கவில்லை. இப்போது கொத்தை இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும். வங்கியில் அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அயிங்கேவிடம் வந்திருந்தார்கள். அலசி, சிக்கெடுத்து, பிரித்தாயிற்று. மேசையில் பழைய வெள்ளை டப்பாவும் புது டின்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அயிங்கேவின் கை பழைய டப்பாவுக்கே போனது. இடப்பக்கம் முழுவதும் அந்த வெள்ளையைத் தடவியே கட்டிமுடித்தாள். வலப்பக்கத்துக்கு வந்தபோது வெளியே நிறுத்தியிருந்த லாரியின் படிக்கட்டில் லசிசி உட்கார்ந்து பல் குச்சி மென்றுகொண்டிருந்தான். கையில் செய்தித்தாள்கூட இல்லை.

"ஃபுன்மிலாயோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முதல் நாள் இரும்பை நாக்குல வெச்சு என் ஓரி சுத்தம்னு சொன்னேன்ல? அது பொய். முக்கால்வாசி பாரஃபின். நான் செய்யல, ஆனா நான்தான் சொன்னேன். அந்தச் சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

"எந்தச் சத்தியம்?" என்றாள் ஃபுன்மிலாயோ, கண்ணாடியைப் பார்த்தபடி.

"என்னடி, எந்தச் சத்தியமா? ஏழு வருஷமா உன் தலையில பெட்ரோல் பங்கு மிச்சத்தைத் தடவியிருக்கேன்."

"முடி வளந்துச்சே."

"அதால வளரல. நீ தலையை உன் இஷ்டத்துக்கு நோண்டாம இருந்ததால வளந்துச்சு. தண்ணியாலயும் என் விரலாலயும் வளந்துச்சு. ரெண்டு வாரம் சீப்பை உன் கையில குடுக்காம வெச்சிருந்தேனே, அதால. டப்பாவுக்கு இதுல என்ன வேலை? பச்சை டப்பா, வெள்ளை டப்பா, ஒரு டப்பாவுக்கும் முடியைப் பத்தி ஒரு எழவும் தெரியாது." பேசப் பேச அவளுக்குப் பழைய குரல் திரும்பியது. "இந்தா, நிஜ ஓரி. மீதித் தலைக்கு இதைத்தான் போடப்போறேன்."

டின்னைத் திறந்தாள். புகை வாசம் கடை முழுக்கப் பரவியது. ஃபுன்மிலாயோ நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"அய்யோ, இதென்னக்கா நாத்தம்! நான் பேங்குல உக்காரணும். ஏசி ரூமு. வேணாம்க்கா, அந்த வெள்ளையவே போடு."

"அது கலப்புன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"கலப்பா இருந்தா என்ன? வாசம் இல்லைல்ல? ஏன்க்கா, சத்தியத்தையெல்லாம் நான் கேட்டேனா? நீயாத்தான் பண்ணின."

அயிங்கே டின்னைப் பிடித்தபடி நின்றாள். லாரிக்குள்ளே இரும்பு, சாலையிலே இரும்பு, புருஷன் உயிர், பதினோரு வருஷம். இவளுக்கு ஏசி அறை. இன்னும் எத்தனை பேர் இதையே சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து, தன் பொய்யை ஒத்துக்கொண்டு, அந்தப் பொய்யே நன்றாக இருந்தது என்று அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்டனை என்றால் அதுதான் தண்டனை. இரும்புக்கு இவ்வளவு குசும்பு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

வெள்ளை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, வாசலுக்கு வெளியே சாக்கடையில் கவிழ்த்தாள். அது விழுந்த இடத்தில் விழுந்தபடி, உருகாமல் உட்கார்ந்திருந்தது.

"ஏய்! நான் வேற கடைக்குப் போறேன்" என்று ஃபுன்மிலாயோ எழுந்தாள்.

"போ. தாராளமாப் போ. இடப்பக்கம் ராணி மாதிரி இருக்கு. வலப்பக்கம் மின்னல் அடிச்ச மரம். அப்படியே பஸ்ல ஏறி இபாதான் போ."

ஃபுன்மிலாயோ கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு பக்கம் நூல் சுற்றிய பன்னிரண்டு கொத்துகள் கறுப்புக் கம்பிகள்போல வளைந்து நெற்றியில் அழகாக நின்றன. மறுபக்கம் ஈரமுடி காயக் காய உள்ளே சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. வெளியே லாரிப் படியில் லசிசி மெல்லுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அவள் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் விழுந்தாள்.

"குனி" என்றாள் அயிங்கே.